நாயின் விரலிலும் நகத்திலும் கட்டி: கண்டறிவதிலிருந்து தையல் பிரிப்பது வரை

விரல் வீங்கும். ஆன்டிபயாட்டிக் கொடுத்தால் கொஞ்சம் வற்றும். நிறுத்தினால் மறுபடி வீங்கும். நாயின் விரலில் வரும் புற்று பெரும்பாலும் இப்படித்தான் மூன்று நான்கு மாதம் நகச்சுத்தி போலவே போக்குக் காட்டும். அந்த மருந்தில் தவறில்லை, கொடுத்த வரிசையில்தான் தவறு. கட்டி எதுவென்று பார்க்காமலே மருந்து தொடங்கிவிடுகிறது, வற்றியதும் பார்க்க வேண்டிய அவசியம் போய்விட்டதாகத் தோன்றுகிறது.

இது நாய்க்கு மட்டுமான வழிகாட்டி. பூனையின் விரல் வீங்கினால் கதையே வேறு. நுரையீரலில் உள்ள புற்று விரல்களுக்குப் பரவியிருக்கலாம் என்பதால் அங்கே நெஞ்சு எக்ஸ்ரேதான் முதல் வேலை.

1. கையருகே வைத்துக்கொள்ள வேண்டியவை

நல்ல டார்ச், ஒரு முழம் தையல் நூல், பேனா, சிறிய ஸ்கேல், வெதுவெதுப்பான தண்ணீர், பஞ்சு, துண்டு. நாயைப் பிடிக்க அது நம்பும் ஆள் ஒருவர். வலியுள்ள விரலைத் தொட்டால் எவ்வளவு சாதுவான நாயும் கடிக்கும், அதனால் வாய்க்கட்டு அல்லது அகலமான துணி நாடாவும் வேண்டும். பக் மாதிரித் தட்டை மூக்கு நாய்களுக்கு மட்டும் வாயைக் கட்டக் கூடாது, மூச்சுத் திணறும்.

மருத்துவமனைக்குக் கிளம்பும் முன் அங்கே எக்ஸ்ரே இருக்கிறதா என்று போனில் கேளுங்கள். இருந்தால், வளர்ந்த நாய்க்கு முந்தைய இரவோடு சாப்பாட்டை நிறுத்தி, தண்ணீர் மட்டும் வைத்துக் கூட்டிப்போகலாமா என்றும் கேட்டுவிடுங்கள். வெறும் வயிறாக இருந்தால் அன்றே லேசான மயக்கம் கொடுத்துப் படம் எடுத்துவிடலாம். சாப்பிட்டுவிட்டுப் போனால் இன்னொரு நாள் அலைய வேண்டும்.

2. பாதத்தைப் பார்க்கும் முறை

நாயை ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். வலிக்கும் காலைக் கடைசியில் தொடுங்கள். அதை முதலில் தொட்டால் மற்ற மூன்று கால்களையும் அன்றைக்குப் பார்க்க விடாது.

விரல்களுக்கு எண் கொடுத்துப் பழகுங்கள். உள்பக்கம் தரையில் படாமல் மேலே இருக்கும் கட்டைவிரல் 1. அங்கிருந்து வெளிப்பக்கமாக 2, 3, 4, 5. பின்காலில் பல நாய்களுக்குக் கட்டைவிரலே இருக்காது. அப்போதும் எண்ணிக்கை 2-இலிருந்துதான் தொடங்கும். 'முன்கால் நடுவிரல்' என்று சீட்டில் எழுதினால் எந்தக் கால், நடுவில் உள்ள இரண்டில் எது என்று பிறகு யாருக்கும் விளங்காது. 'வலது முன்கால், 4-ஆம் விரல்' என்றே எழுதுங்கள்.

ஈரப் பஞ்சால் மண்ணையும் காய்ந்த கசிவையும் துடைத்துவிட்டு, விரலை மேலும் கீழுமாக மெல்ல அழுத்தினால் நகம் வெளியே நீளும். நகமும் தோலும் சேரும் மடிப்பில்தான் டார்ச் அடிக்க வேண்டும். நகம் ஒரு பக்கமாகச் சாய்ந்திருக்கிறதா, நீளவாக்கில் வெடித்திருக்கிறதா, அடியில் சதை பிதுங்குகிறதா, கறுப்பாக ஏதும் கசிகிறதா என்று கவனியுங்கள். பிறகு விரல்களை விரித்து இடைச்சவ்வை மேலிருந்தும் கீழிருந்தும் பாருங்கள். அங்கே முடி அடர்ந்திருந்தால் டிரிம்மரால் எடுங்கள். கத்தரிக்கோல் வேண்டாம், முடியோடு சவ்வும் கத்தரிபடும்.

விரல் உண்மையிலேயே பருத்திருக்கிறதா என்பதைக் கண் சரியாகச் சொல்லாது. தையல் நூலை நகத்துக்கு மேலே விரலைச் சுற்றி, இறுக்காமல் பிடித்து, நுனிகள் சேரும் இடத்தில் பேனாவால் குறியிடுங்கள். எதிர்க்காலின் அதே எண் விரலிலும் இதையே செய்து, இரண்டு நீளத்தையும் ஸ்கேலில் வைத்துப் பாருங்கள். தேதி போட்டு எழுதி, ஸ்கேலைப் பக்கத்தில் வைத்துப் போட்டோவும் எடுங்கள். அடுத்த வாரம் 'கொஞ்சம் குறைஞ்ச மாதிரி இருக்கு' என்ற பேச்சுக்கு இடமிருக்காது.

விரலிடுக்கில் சாம்பல் நிறத்தில் மொச்சைக்கொட்டை போல ஒன்று தொங்கினால் அது ரத்தம் குடித்து ஊதிய உண்ணியாக இருக்கலாம். போன் கேமராவில் பெரிதாக்கி, தோலை ஒட்டிய பக்கத்தைப் பாருங்கள், சின்னக் கால்கள் தெரியும். உண்ணி என்று நினைத்து மருவைப் பிடுங்கி ரத்தம் கொட்ட வைப்பதும், மரு என்று நினைத்து உண்ணியை மாதக்கணக்கில் விட்டுவைப்பதும் அடிக்கடி நடக்கின்றன.

3. ஒரு விரலா, பல விரலா?

மேற்கொண்டு எந்தப் பக்கம் போவது என்பதை இந்தக் கேள்விதான் முடிவு செய்கிறது.

பல கால்களில், பல விரல்களில் ஒரே நேரத்தில் பிரச்சினை என்றால் புற்றுக்கு வாய்ப்புக் குறைவு. விரலிடுக்குகளில் சிவந்த கொப்புளங்கள் உடைந்து சீழ் வந்தால் ஒவ்வாமை, டெமோடெக்ஸ் என்ற தோல் பூச்சி, உடற்பருமனால் பாதத்தின் அடிப்பக்கம் தேய்வது ஆகியவற்றைத் தேட வேண்டும். தோலைப் பிதுக்கி ஆழமாகச் சுரண்டி எடுத்து மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் டெமோடெக்ஸ் தெரியும். பார்க்காமல் பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு கொடுத்தால் அரிப்பு அடங்கும், பூச்சி பெருகும். சீழோ கொப்புளமோ இல்லாமல் நகங்கள் மட்டும் ஒன்றன்பின் ஒன்றாகக் கழன்று, கோணலாக முளைத்தால் அது பெரும்பாலும் உடலின் எதிர்ப்பு சக்தியே நகப்படுக்கையைத் தாக்கும் லூபாய்ட் வகை நக நோய். ஜெர்மன் ஷெப்பர்டில் இது அதிகம். மீன் எண்ணெய், டாக்ஸிசைக்ளின், நியாசினமைடு என்று சிகிச்சை போகும். புது நகம் வளர்ந்து வந்தால்தான் பலன் தெரியும் என்பதால் மூன்று நான்கு மாதம் பொறுக்க வேண்டும். ஒரே மாதத்தில் கைவிடுபவர்களே அதிகம்.

நாய்க்கு வயது ஏழு எட்டுக்கு மேல், ஒரே ஒரு விரல், நகத்தடியில் வீக்கம் என்றால் வேறு முடிவு வரும்வரை அதைப் புற்று என்றே வைத்துக்கொண்டு நடங்கள். கறுப்பு முடியுள்ள பெரிய இனங்களில், அதாவது கறுப்பு லாப்ரடார், ராட்வைலர், ஜயன்ட் ஷ்னாசர், ஸ்டாண்டர்ட் பூடில் போன்றவற்றில், நகப்படுக்கையிலிருந்து ஸ்குவாமஸ் செல் கார்சினோமா என்ற தோல் செல் புற்று கிளம்புவது மற்ற நாய்களைவிட அதிகம். விரலில் வரும் கெட்ட கட்டிகளில் இதுவே முதலிடம். அடுத்தது நிறமி செல்களில் வரும் மெலனோமா.

இரண்டு வயது நாயின் விரலில் பொத்தான் மாதிரி வழவழப்பான சிவந்த உருண்டை வந்திருந்தால் அவ்வளவு பயப்பட வேண்டாம். அது ஹிஸ்டியோசைட்டோமா என்ற தீங்கற்ற கட்டியாக இருக்கலாம். ஊசியால் செல்களை எடுத்துப் பார்க்கும் ஊசி சோதனை அதை உறுதி செய்துவிட்டால் இரண்டு மூன்று மாதத்தில் தானாகவே உதிர விடலாம்.

4. இரண்டு வாரம், அதற்கு மேல் இல்லை

நகம் உடைந்த காயம் ஒரு வாரத்தில் உலர்ந்து, இரண்டு வாரத்தில் வலி நீங்கியிருக்க வேண்டும். கட்டைவிரல் நகம் தரையில் தேயாததால் வளைந்து வளர்ந்து சதைக்குள் குத்தியிருந்தாலும் அப்படியே. வெட்டிச் சுத்தம் செய்தால் சீக்கிரம் ஆறும். காட்டுப் பக்கம் திரியும் நாய்க்குச் சீமைக்கருவேல முள் ஏறி உள்ளே ஒடிந்திருக்கலாம். அது உள்ளே இருக்கும்வரை சீழ் வடிந்துகொண்டேதான் இருக்கும்.

இந்த இரண்டு வாரத்தில் வீட்டில் செய்யக் கூடியது சிறிதுதான். பெட்டாடினை வெதுவெதுப்பான நீரில் கட்டன் டீயின் வெளிர் நிறம் வரும்வரை கலந்து, பாதத்தை ஐந்து நிமிடம் ஊறவைத்து, இடுக்குகளை நன்றாக ஒற்றி உலர்த்துங்கள். தினம் இரண்டு வேளை. உலர்த்தாமல் விட்டால் ஊறவைத்ததே கெடுதலாகும். நக்காமல் இருக்கக் கழுத்துக் கூம்பு போடுங்கள்.

டெட்டால், சுண்ணாம்பு, சூடு வைப்பது, மருவில் குதிரைமுடி கட்டுவது எதுவும் கூடாது. முடி கட்டி விழவைத்த மருவை லேபுக்கு அனுப்ப முடியாது. உண்மையில் அது புற்றாக இருந்தால் வேர் உள்ளேயே தங்கிவிடும். மனிதருக்கான டைக்ளோஃபினாக், ஐபுபுரூஃபன் கொடுத்தால் நாயின் குடலில் புண் விழும், சிறுநீரகமும் கெடும்.

மருத்துவர் ஆன்டிபயாட்டிக் எழுதிக் கொடுத்தால் அப்போதே ஒன்று கேளுங்கள்: 'இரண்டு வாரத்தில் தெளிவான மாற்றம் தெரியவில்லை என்றால் எக்ஸ்ரே எடுத்துவிடலாமா?' ஆழமான தொற்றுக்கு நான்கு முதல் ஆறு வாரம் மருந்து தேவைப்படுவது உண்மைதான். ஆனால் 14-ஆம் நாளில் நூல் அளவு குறைந்திருக்க வேண்டும். குறையாவிட்டால் மாற்ற வேண்டியது ஆன்டிபயாட்டிக்கை அல்ல, போகும் வழியை.

5. எக்ஸ்ரே: ஊசிக்கும் கத்திக்கும் முன்னால்

விரல் கட்டியில் அதிகம் தவறவிடப்படும் படி இது. நகத்தைப் பிடுங்கிப் பார்ப்பதற்கு முன்பே படம் எடுத்தாக வேண்டும். நகத்தை எடுத்த பிறகு எலும்பில் தெரியும் மாற்றம் கட்டியால் வந்ததா, நகம் எடுத்த இடத்தில் ஏறிய தொற்றால் வந்ததா என்று பிரிக்க முடியாது.

படம் இரண்டு கோணத்தில் வேண்டும்: மேலிருந்து ஒன்று, பக்கவாட்டில் ஒன்று. பக்கவாட்டில் சும்மா எடுத்தால் நான்கு விரலும் ஒன்றன்மேல் ஒன்று விழுந்து எதுவும் தெரியாது. சந்தேக விரலின் நகத்தில் டேப் ஒட்டி முன்னால் இழுத்து, மற்றவற்றைப் பின்னால் இழுத்துக் கட்டி எடுக்க வேண்டும். அதற்காகத்தான் மயக்கம். எதிர்ப்பாதத்தையும் ஒரு படம் எடுத்துவிட்டால் ஒப்பிட வசதி.

நகத்தைத் தாங்கும் கடைசி எலும்பு கிளி மூக்கு மாதிரி கூராக, விளிம்பு தெளிவாக இருக்க வேண்டும். ஸ்குவாமஸ் செல் கார்சினோமா வந்த விரல்களில் பெரும்பாலானவற்றில் அந்த எலும்பு கரையான் அரித்த கட்டைபோல் இருக்கும். சிலவற்றில் நுனியே காணாமல் போயிருக்கும். ஆனால் நாள்பட்ட எலும்புத் தொற்றும் இதே மாதிரி அரிக்கும். ஆகவே எலும்பு அரித்திருந்தால் உடனே திசு எடுக்க வேண்டும் என்று மட்டும் அர்த்தம், புற்று உறுதி என்றில்லை. எலும்பு நன்றாக இருப்பதாலேயே புற்று இல்லை என்றும் சொல்லிவிட முடியாது.

சிறு ஊர்களில் எக்ஸ்ரே கிடைக்காவிட்டால் வேப்பேரி, நாமக்கல், ஒரத்தநாடு, திருநெல்வேலி ஆகிய இடங்களில் உள்ள கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளை அணுகலாம். எடுத்த போட்டோக்களையும் அளவுக் குறிப்பையும் கொண்டுபோங்கள்.

6. ஊசி சோதனையும் நெறியும்

விரலிடுக்கிலோ தோலிலோ தனியாக உருண்டை இருந்தால் 22 அல்லது 23 கேஜ் ஊசியும் 5 மி.லி. சிரிஞ்சும் போதும். இரண்டு மூன்று இடத்தில் குத்தி, ஸ்லைடில் பரப்பி, காற்றில் உலர்த்துவார்கள். நகத்தடிக் கட்டியில் இது அடிக்கடி ஏமாற்றும். மேலே சீழும் அழற்சியும் மூடியிருப்பதால் ஊசியில் அதுதான் வரும். 'வெறும் இன்ஃபெக்ஷன்' என்ற சைட்டாலஜி (செல் சோதனை) ரிப்போர்ட்டை நம்பி நகத்தடிக் கட்டியை விட்டுவிடாதீர்கள்.

காலையில் பெரிதாகி மாலையில் சுருங்கும், தொட்டால் சிவந்து தடிக்கும் கட்டி, ஒவ்வாமையில் பங்கெடுக்கும் மாஸ்ட் செல்களில் வரும் புற்று வகையாக இருக்கலாம். அதைப் பிதுக்கவே கூடாது. உள்ளிருக்கும் ஹிஸ்டமின் கொட்டிச் சுற்றிலும் வீங்கும். ஊசி போடும் முன் மருத்துவர் ஹிஸ்டமினை அடக்கும் மருந்து கொடுப்பது அதனால்தான். சோதனை முடியும்வரை ஸ்டீராய்டும் வேண்டாம். மாஸ்ட் செல் கட்டியும் லிம்ஃபோமா என்ற நிணநீர்ப் புற்றும் ஸ்டீராய்டில் தற்காலிகமாகச் சுருங்கி, ரிப்போர்ட்டைக் குழப்பும்.

அதே நாளில் நெறி கட்டியிருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். முன்கால் விரல் என்றால் தோள்பட்டைக்கு முன்னால், பின்கால் என்றால் முழங்காலுக்குப் பின்னால். பெரிதாக இல்லாவிட்டாலும் அதிலும் ஊசி போடச் சொல்லுங்கள். மெலனோமா, அளவு மாறாத நெறிக்குள்ளும் உட்கார்ந்திருக்கும்.

7. நெஞ்சும் ரத்தமும்

புற்றுச் சந்தேகம் வலுத்தால் விரலில் கைவைக்கும் முன் நெஞ்சு எக்ஸ்ரே மூன்று கோணத்தில்: இடப்பக்கம், வலப்பக்கம், மல்லாத்தி. நாய் எந்தப் பக்கம் படுத்திருக்கிறதோ அந்த நுரையீரல் அமுங்கி, அதிலுள்ள சின்னப் புள்ளிகள் மறைந்துவிடும். ஒரே படம் எடுத்து 'க்ளியர்' என்று சொல்வது அரைகுறை.

ரத்தத்தில் சிறுநீரகம், கல்லீரல் அளவுகளோடு பிளேட்லெட் எண்ணிக்கையை விடாமல் பார்க்க வேண்டும். உண்ணிக் காய்ச்சல் நம் ஊரில் சர்வ சாதாரணம். எர்லிக்கியா கிருமி பிளேட்லெட்டைத் தின்றிருந்தால் விரல் அறுவையில் ரத்தம் நிற்காது. எண்ணிக்கை குறைவாக இருந்தால் டாக்ஸிசைக்ளின் தொடங்கி, அது ஏறிய பிறகு அறுவையை வைத்துக்கொள்வார்கள். மருந்தை மட்டும் 28 நாளும் முடிக்க வேண்டும்.

8. துண்டு எடுப்பதா, விரலையே எடுப்பதா

விரலைக் காப்பாற்ற நினைப்பது இயல்பு. ஆனால் நகத்தடியில் ஒரே விரல், எலும்பு அரித்திருக்கிறது, நெஞ்சு சுத்தம் என்றால் விரலையே எடுத்து அதையே சோதனைக்கு அனுப்புவதுதான் பெரும்பாலும் சரி. எலும்பு அரித்த விரல் தொற்றாகவே இருந்தாலும் தேறுவது அரிது, வலியும் ஓயாது. ஒரே மயக்கத்தில் கண்டறிதலும் சிகிச்சையும் முடிந்துவிடும்.

எலும்பு நன்றாக இருந்து, கட்டி தோலில் மட்டும் என்றால் முதலில் துண்டு எடுத்துப் பார்க்கலாம். எடுக்கும் துண்டு ஆழமாக இருக்க வேண்டும். மேல்புண்ணைச் சுரண்டி அனுப்பினால் லேபும் புண் என்றுதான் எழுதும்.

நாய் தன் எடையைப் பெரும்பாலும் 3, 4-ஆம் விரல்களில்தான் தாங்குகிறது. 2 அல்லது 5 போனால் நடையில் வித்தியாசமே தெரியாது. 3 அல்லது 4-இல் ஒன்று போனால் சில வாரம் நொண்டிவிட்டுப் பழகிவிடும். ஒரே பாதத்தில் 3, 4 இரண்டும் போகும் நிலை வந்தால்தான் நிரந்தர நொண்டல் பற்றி உட்கார்ந்து பேச வேண்டும்.

9. அறுவை நாளில் கேட்க வேண்டியவை

எந்த மூட்டில் எடுக்கிறார்கள் என்று கேளுங்கள். நகத்தையும் கடைசி எலும்பையும் மட்டும் கிள்ளி எடுத்தால் புற்று விளிம்பில் மிஞ்சும். வழக்கமாக விரலின் மூன்று எலும்பையும் சேர்த்து, விரல் பாதத்தோடு சேரும் மூட்டில் எடுப்பார்கள். நடுவிலிருக்கும் பெரிய பாத மெத்தையைத் தொட மாட்டார்கள். மயக்கத்தோடு மரத்துப்போகும் ஊசியையும் விரலைச் சுற்றிப் போட்டால் எழும்போது வலி குறையும்.

எடுத்த விரலை முழுசாக அனுப்பச் சொல்லுங்கள், சதையை மட்டும் நறுக்கி அல்ல. எலும்பு வரை பரவியதா, வெட்டிய விளிம்பு சுத்தமா என்பது அப்போதுதான் தெரியும். 10 சதவீத ஃபார்மலின், திசுவைப் போல் பத்து மடங்கு அளவு, அகன்ற வாய் பாட்டில். குறுகிய வாய் பாட்டிலில் திணித்த விரல் விறைத்துவிட்டால் லேபில் பாட்டிலை உடைத்துத்தான் எடுக்க வேண்டும். ஊசி சோதனை ஸ்லைடுகளை ஃபார்மலின் பாட்டிலோடு ஒரே பையில் வைக்காதீர்கள். அந்த ஆவி பட்டாலே சாயம் ஒழுங்காக ஏறாது. எலும்பை மென்மையாக்கித்தான் சீவ முடியும், அதனால் ரிப்போர்ட் சாதாரணக் கட்டியைவிட நாள் கூடுதலாக எடுக்கும்.

10. தையல் பிரிக்கும்வரை

அறுவைக்குப் பின் போட்ட முதல் கட்டை 24 முதல் 48 மணி நேரத்துக்குள் பிரித்துப் பார்க்க வேண்டும். அதன் பிறகு இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை. மிச்ச விரல்களுக்கு இடையில் பஞ்சு வைத்துக் கட்ட வேண்டும், இல்லாவிட்டால் வியர்த்துத் தோல் வெந்துபோகும். முடிந்தால் நடு நகங்களின் நுனி வெளியே தெரியும்படி கட்டச் சொல்லுங்கள். அந்த இரண்டு நகமும் ஒன்றைவிட்டு ஒன்று விலகிப்போனால் பாதம் உள்ளே வீங்குகிறது, கட்டு இறுகிவிட்டது என்று அறியலாம்.

வெளியே போகும்போது காலியான சலைன் பையைக் குறுக்கே வெட்டி உறைபோல் மாட்டுங்கள். வீடு திரும்பியதும் கழற்றிவிட வேண்டும். ரப்பர் பேண்ட் போட்டு நிறுத்தவே கூடாது. முடிக்குள் மறைந்து, மறந்துபோய், தோலை அறுத்து எலும்பு வரை இறங்கிவிடும்.

வலிக்கு மெலாக்ஸிகாம் எழுதினால் பொதுவாக முதல் நாள் கிலோவுக்கு 0.2 மி.கி., அடுத்த நாள் முதல் 0.1 மி.கி., தினம் ஒரு வேளை, சாப்பாட்டுக்குப் பிறகு. சிறுநீரக அளவு பார்த்து மருத்துவர் சொன்ன அளவே கணக்கு. ஸ்டீராய்டோடு சேர்க்கக் கூடாது. நாற்றம், கட்டு நனைவது, அதுவரை சும்மா இருந்த நாய் திடீரென்று கட்டைக் கடிப்பது, ஈ மொய்ப்பது என எது நடந்தாலும் அன்றே பிரித்துப் பாருங்கள். ஈ மொய்த்த கட்டுக்குள் ஓரிரு நாளில் புழு வைத்துவிடும்.

10 முதல் 14 நாளில் தையல் பிரிப்பார்கள். அதுவரை கயிற்றில் பிடித்து மட்டுமே நடை. மாடிப்படி, துள்ளல் எதுவும் வேண்டாம். பாதம் ஒவ்வொரு அடிக்கும் விரிவதால் விரல் தையல் மற்ற இடத் தையலைவிட எளிதில் பிரியும்.

11. ரிப்போர்ட் வந்த பிறகு

முதலில் விளிம்பைப் பற்றி எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். எழுதாவிட்டால் லேபைக் கேட்கச் சொல்லுங்கள்.

நகப்படுக்கையின் ஸ்குவாமஸ் செல் கார்சினோமா, விளிம்பு சுத்தம், நெறியும் நெஞ்சும் சுத்தம் என்றால் அறுவையோடு சிகிச்சை முடிந்தது. அப்படிப்பட்ட நாய்களில் மிகப் பெரும்பாலானவை ஓராண்டைத் தாண்டி நன்றாகவே இருக்கும். அதே புற்று விரலின் வேறு பகுதியிலிருந்து கிளம்பியிருந்தால் பரவும் வாய்ப்பு கொஞ்சம் கூடுதல்.

மெலனோமா அப்படியல்ல. விளிம்பு சுத்தமாக இருந்தாலும் சுமார் பாதி நாய்களே ஓராண்டைத் தாண்டுகின்றன. மேற்கொண்டு கீமோதெரபி தருவதைப் பற்றிப் புற்று சிகிச்சை தெரிந்த கால்நடை மருத்துவரிடம் பேசலாம், பெரிய வாக்குறுதி எதையும் எதிர்பார்க்காமல். மாஸ்ட் செல், சதைப் புற்று வகைகளுக்கு ரிப்போர்ட்டில் உள்ள கிரேடுதான், அதாவது புற்றின் வீரிய அளவுதான், அடுத்த முடிவைச் சொல்லும். முழு விரலையும் பார்த்து 'அழற்சி மட்டும்' என்று வந்தால் நல்ல செய்தி. சின்னத் துண்டைப் பார்த்து அப்படி வந்தால் துண்டு போதுமானதா என்ற கேள்வி மிச்சமிருக்கிறது.

ஒரு மாதத்தில் ஒரு பரிசோதனை, பிறகு முதல் ஆண்டு முழுக்க மூன்று மாதத்துக்கு ஒருமுறை நெறியும் நெஞ்சு எக்ஸ்ரேயும். கறுப்பு முடிப் பெரிய நாய்களில் ஸ்குவாமஸ் செல் கார்சினோமா பல மாதமோ சில வருடமோ கழித்து இன்னொரு காலில், இன்னொரு விரலில் புதிதாகக் கிளம்புவதுண்டு. இது பழையது பரவியது அல்ல. எடுத்த விரலின் தழும்பையே பார்த்துக்கொண்டிருந்தால் இது கண்ணில் படாது. மாதம் ஒருமுறை, நகம் வெட்டும் நாளன்று, மிச்சமிருக்கும் எல்லா விரல்களையும் எண் வரிசையில் அழுத்திப் பார்த்து, சந்தேகம் வரும் விரலுக்கு அதே நூலை எடுங்கள்.